நாலு தகரம் பெட்ரோல்

எல்விக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நடுவில் எங்கும் இறங்காமல் விமானப் பந்தயத்தை முடித்தால், தொழில்முறை விமானி உரிமத்துக்குப் பழகச் சங்கத்து விமானத்தைத் தருவதாக பாஸ்காம்ப் எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்திருந்தான். வரில்லா ஊர்ப் பறப்போர் சங்கத்தின் செயலாளர் அவன். "நடுவுல இறங்கினே, அப்புறம் அடுப்பப் பார்க்கப் போயிடணும்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

எந்திரம் பார்ப்பது தங்கை நெஸ்டா. 1931இல் அந்த விமானங்களின் எரிபொருள் முள்ளை ஒருவரும் நம்புவதில்லை. தொட்டிக்குள் குச்சியை விட்டு, நனைந்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். காலையில் நெஸ்டா பார்த்தபோது தொட்டி நிறைந்திருந்தது.

புறப்படும் நேரத்தில் பாஸ்காம்ப் வந்தான்.

"பத்திரிகைக்காரன் காத்திருக்கான். ரெண்டு பேரும் பாவாடை மாட்டிக்கிட்டு வாங்க. கையில ஒரு டீ கெட்டில். நல்லா சிரிக்கணும், கண்ணுங்களா!"

படம் எடுத்து முடித்து, மறுபடி கால்சட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். நெஸ்டா குச்சியை எடுத்தாள். அதற்குள் ஒலிபெருக்கி அலறியது: "அம்மணி இன்னும் பவுடர் போட்டு முடிக்கல போலிருக்கே!" திடல் முழுக்கச் சிரிப்பு.

"அதக் கீழ போடுடி" என்றாள் எல்வி. "காலையிலதானே பார்த்தே?"

"ஒரே நிமிஷம், எல்வி."

"உனக்கென்ன! சிரிக்கிறது என்னைப் பார்த்து. சுத்துடி!"

நெஸ்டா குச்சியைப் போட்டுவிட்டு, விமான மூக்கிலிருந்த விசிறியைக் கையால் சுற்றிவிட்டாள்.

கடைசிச் சுற்றில் எல்விதான் முதலில் வந்தாள். ஆட்டு மேய்ச்சல் நிலத்துக்கு மேலே வரும்போது எந்திரச் சத்தம் நின்றது. வித்தை காட்டுகிறாள் என்று கூட்டம் கைதட்டியது. அவளுக்கு நேர் கீழே வெட்டவெளி. "இறங்குடி, இறங்கிடு!" என்று நெஸ்டா கத்தினாள். எல்வி இறங்கவில்லை. முடிவுக் கோட்டைப் பார்த்துத் திருப்பினாள். பாதித் திருப்பத்தில் ஓர் இறக்கை சரிந்தது. யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் விழுந்த சத்தம் கேட்டது.

அங்கே போகலாமென்றால் பாஸ்காம்பின் காரில் பெட்ரோல் இல்லை. "கொட்டகைக்குப் பின்னால நாலு தகரம் இருக்கு. ஒண்ணு கொண்டா!" என்று கத்தினான் அவன்.

"அது அவ தொட்டியிலேர்ந்து நாம இறக்கினதாச்சே" என்றான் தகரத்தைத் தூக்கி வந்தவன்.

"வாய மூடிக்கிட்டு ஊத்து."

நெஸ்டா பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பியதும் பாஸ்காம்ப் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "ஆட்டுக்கு நடுவுல இறங்குவா, எல்லாரும் சிரிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம்னு பார்த்தோம். அவள யாரு திரும்பச் சொன்னது?"

மரங்களுக்குள் போய்ச் சேர்ந்தபோது எல்விக்கு உயிர் இல்லை. திரும்பி வருகையில் அவளை நெஸ்டாவின் மடியில் கிடத்தினார்கள். காரில் ஊற்றியது விமானத்துக்கென்று வடிகட்டிய சுத்தமான பெட்ரோல். வழியில் ஓரிடத்திலும் கார் திணறவில்லை.