மூன்று தலைச் சக்கரவர்த்தியும் ஒரு பச்சைப் பந்தும்

விண்கலத்துக்குள் ஓர் அரசாங்க ஆபீஸ் நடந்தால் எப்படியிருக்கும் என்று கிண்டலடிக்கும் அந்தத் தொடருக்கு இது ஏழாவது சீசன். ஐந்தையும் ஆறையும் விமர்சகர்கள் கிழி கிழியென்று கிழித்திருந்தார்கள். இதுவும் அடிவாங்கினால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

அதனால், விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி அனுப்பியபோது தொடரின் எடிட்டர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினாள். வேண்டியதெல்லாம் சரி. எந்தப் பிரதி போகிறது என்று பார்க்கத்தான் மறந்துவிட்டாள், மகராசி.

முதல் விமர்சனம் சிடுமூஞ்சியிடமிருந்து வந்தது. துறையே அவருக்கு வைத்த பெயர் அது. அவர் எழுதியிருந்தார்: "அண்டத்தையே நடுங்க வைக்கும் சக்கரவர்த்தி யார் தெரியுமா? குச்சியில் செருகிய ஒரு பச்சைப் பந்து! அதைக் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே தூக்கிப் பிடித்திருக்கிறான். அதிகாரத்தை இதைவிட அழகாக நையாண்டி செய்ய முடியாது."

எடிட்டர் அனுப்பிய பிரதியைத் திறந்து பார்த்தாள். அவள் அனுப்பியது முடிக்காத பிரதி. நடிகர்கள் எங்கே பார்த்துப் பேச வேண்டும் என்று காட்டத்தான் அந்தப் பந்து. அதன்மேல் வர வேண்டிய மூன்று தலைச் சக்கரவர்த்தியை ஒரு வருஷமாகக் கணினியில் செதுக்கியவன் அவளுடைய புருஷன். கொட்டாவி விட்ட கறுப்புச் சட்டைக்காரனும் சாட்சாத் அவனேதான்.

மற்ற விமர்சகர்களும் சிடுமூஞ்சிக்கு ஒத்து ஊதினார்கள். தயாரிப்பாளர் தலைகால் புரியாமல் குதித்தார். "பந்தே இருக்கட்டும்மா! யாரும் மூச்சு விடக்கூடாது!"

தொடர் பிழைத்துக்கொண்டது. புருஷன்தான் சாப்பாட்டு மேஜையில் தட்டை அளைந்துகொண்டிருந்தான். "மூணு தலைக்கும் தனித்தனியா பல்லு வெச்சேன்டி. ஒருத்தராவது பாத்துச் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் செய்த கூத்துக்கு ஈடாக ஒரே ஒருவரையாவது அவன் முன்னால் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டி, சிடுமூஞ்சிக்கே போன் போட்டு உண்மையைச் சொன்னாள்.

சிடுமூஞ்சி பதறினார். "ஐயோ, வெளியே சொல்லிடாதேம்மா. என் மானம் கப்பலேறிடும்."

"சொல்ல மாட்டேன் சார். ஆனா வீட்டுக்கு வந்து நிஜப் பிரதியைப் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். சோபாவின் விளிம்பில், பல் பிடுங்க வந்தவர்போல உட்கார்ந்தார். புருஷன் கதவோரமாகவே நின்றான். திரையில் சக்கரவர்த்தியின் முதல் தலை போர் அறிவித்தது. இரண்டாவது தலை அதை மறுத்து அறிக்கை விட்டது. வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த மூன்றாவது தலை, போர் என்றதும் திடுக்கிட்டு விழித்து, "சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றது.

சிடுமூஞ்சி இருமுவதுபோல் சமாளித்துப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சோபாவிலேயே சரிந்து சிரித்தார். ஓய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார்.

"அநியாயம்ப்பா. பந்தைப் புகழ்ந்துட்டேன். இனிமே இதைப் பத்தி ஒரு வரி எழுத முடியாதே!"

"எழுத வேண்டாம் சார்," என்றான் அவன். "மறுபடி போடறேன். இன்னொரு தடவை சிரிங்க."