காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை

புரட்டாசி பிறந்தும் வெயில் தணியவில்லை. ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே பெரியசாமியின் கிணறு வற்றி, அடிப்பாறை வெளுத்துத் தெரிந்தது. மேட்டில் மரவள்ளி இலைகள் நடுப்பகலில் துவண்டு தொங்கின.

முந்தின நாள் மாலை பஞ்சாயத்து வானொலியில் சொன்னார்கள்: சேலம் மாவட்டத்தில் இன்னும் இரண்டு நாட்களுக்கு வானிலை வறண்டிருக்கும்; அதன்பின் இடியுடன் மழை பெய்யலாம். கேட்டதுமே பெரியசாமி முடிவு செய்துவிட்டான். மழைக்கு முன் பாறையை உடைத்துக் கல்லை வெளியேற்றிவிட வேண்டும். கிணற்றின் மேல்பாதி வெறும் மண். நனைந்தால் சரிந்து, உடைத்த கல்லை மூடிவிடும்.

வெடி வைக்கச் சேலத்திலிருந்து தோமினிக் வந்திருந்தான். வெள்ளைக்கல் சுரங்கத்தில் அதுதான் அவன் வேலை. காலையில் திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்தான். நிலம் ஒருமுறை அதிர்ந்தது. புகை கிணற்றின் வாய்வரை ஏறி, அங்கேயே நின்று, வெகுநேரம் கழித்துத்தான் கலைந்தது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"நாளைக்கு எறங்கலாம்ண்ணே. ராத்திரி பொகையெல்லாம் ஆறட்டும்," என்றான் தோமினிக்.

"நாளைக்கு எறங்குனா ஒரே நாள்ல முடியாது. மழ வந்தப்பறம் கல்லுக்குப் பதிலா சேத்த அள்ளறதா? ஏனப்பா, சொரங்கத்துல பொழுத ஓட்டறாப்பல இங்கயும் ஓட்டப் பாக்கறயா?"

"அங்க மேஸ்திரி இருக்கான், ஓட்ட முடியாது. இங்க அக்கா சோறு நல்லாருக்கு, அதான் இன்னொரு நாள் தங்கலாம்னு."

பெரியசாமியின் மனைவி அத்தாயி சிரித்தாள். ஆனால் அவள் பார்வை கிணற்றை விட்டு வரவில்லை.

கயிற்றில் லாந்தரைக் கட்டி இறக்கினார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அடிவரை போய் உட்கார்ந்தும் சுடர் நேராக எரிந்தது.

"பாத்துக்க," என்றான் பெரியசாமி.

"வெளக்கு எல்லாப் பொகைக்கும் அணையாதுண்ணே. எங்க மேஸ்திரி சொல்லுவான்."

"உங்க மேஸ்திரிகிட்டச் சொல்லு, எங்கூரு வெளக்குப் பொய் சொல்லாதுன்னு."

பெரியசாமி படிக்கற்களில் கால் வைத்து இறங்கிப் போனான்.

கூடையை வடத்தில் கட்டி, மாடுகளைச் சரிவில் ஓட்டிக் கல்லை மேலே இழுத்தார்கள். அத்தாயி மாடுகளைப் பார்த்துக்கொண்டாள். தோமினிக் கூடையை வாங்கிக் கொட்டினான். ஒவ்வொரு கூடைக்கும் கீழிருந்து பெரியசாமியின் சொல் ஒன்று வந்தது. மாட்டை வைதான். தோமினிக்கை வம்புக்கிழுத்தான். தலை வலிக்கிறது என்றான். பிறகு எதற்கோ தனக்குத்தானே சிரித்தான். அடுத்த கூடை பாதிதான் நிறைந்திருந்தது. அதற்கடுத்து வந்ததில் ஒரே ஒரு கல் இருந்தது. சொல் எதுவும் வரவில்லை.

அத்தாயி மாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து, தூங்குபவனைப்போல உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க."

அவள் குரல் கீழே போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் கூப்பிட அவளுக்குப் பயமாக இருந்தது.

தோமினிக் படிக்கல்லில் கால் வைத்தான். அத்தாயி அவன் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நீங்களும் அப்பிடியே உக்காந்துட்டா நான் ஆரைக் கூப்புடுவேன்?"

அவன் கால் கல்லிலேயே நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில், கணவன் சாவதற்குத் தான்தான் வழி விட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் பிடியை விடவில்லை. பிறகு அவளே ஓடிப்போய் வேப்பங்கிளைகளை ஒடித்தாள். தோமினிக்குக்குப் புரிந்துவிட்டது. கிளைகளைக் கத்தையாக வடத்தில் கட்டி, குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, கிணற்றில் இறக்கினான். அவள் மாடுகளைச் சரிவில் ஓட்டினாள், பின்னுக்குத் தள்ளினாள், மீண்டும் ஓட்டினாள். கத்தை ஏறியும் இறங்கியும் கிணற்றுக்குள் காற்றை அலைத்தது. வெளியே காற்றே இல்லை. கிணற்றுக்குள் மட்டும் இலைகள் சலசலத்தன.

தோமினிக் கிளைகளை அவிழ்த்துவிட்டு வடத்தைத் தன் இடுப்பில் கட்டினான். ஈரத்துண்டை மூக்கில் சுற்றுமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"வடம் ரண்டு தடவ ஆடுனா ஓட்டுங்க. ஆடாட்டியும் ஓட்டிருங்கக்கா."

மாடுகள் பின்னோக்கி நடக்க, அவன் இறங்கினான். அத்தாயி வடத்தையே பார்த்து நின்றாள். அது ஆடவில்லை. மாட்டின் மூச்சு அவள் தோளில் பட்டது. இப்போது ஓட்டினால் அவர் கீழேயே கிடப்பார், ஓட்டாவிட்டால் இருவரும். சாட்டையை ஓங்கினாள். வடம் இருமுறை ஆடியது.

ஒன்றாகக் கட்டுண்டு இருவரும் மேலே வந்தார்கள். தோமினிக் இருமினான். பெரியசாமி வெகுநேரம் கழித்து வாந்தியெடுத்தான். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் அத்தாயி சாட்டையைக் கீழே போட்டாள்.

மாலையில் வானொலி வயல்களைத் தாண்டிக் கேட்டது. நாளையும் வறண்டிருக்குமாம். அத்தாயி கடைசிவரை கேட்டாள். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் இருக்குது," என்றான் பெரியசாமி, வேப்பமரத்தடியில் படுத்தபடியே.

அத்தாயி முந்தானையில் ஒரு துண்டு கிழித்து, கிணற்றின் மேல் வடம் ஓடும் குறுக்கு மரத்தில் கட்டினாள்.

"இது ஆடற வரைக்கும் ஆரும் எறங்கறதில்லீங்க."

"மழ வந்துருமே. மண்ணு சரிஞ்சுரும்."

"சரியட்டும்."

துணி நேராகத் தொங்கியது. கீழே, எடுக்க மறந்த லாந்தர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.