இருபத்துநாலு குடம்

பெரியப்பாவின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். தண்டனை என்பதுதான் சரி. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் கல்லூரியை விட்டு வந்தேன். "நாலு ராத்திரி முழிச்சாத்தான் புத்தி வரும்" என்று அப்பா என்னை இங்கே தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் இரவு பத்து மணிக்கு மூட்டையாக வரும். காலை ஆறுக்குள் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். மடிப்பு மேஜைகளுக்கு நான் மேற்பார்வை. அதாவது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

மடிப்பவர்கள் ஆறு பெண்கள். ஒரே சந்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருத்தியைக் கத்தி என்று கூப்பிடுவார்கள். அவள் மடித்த விரிப்பின் விளிம்பில் விரல் பட்டால் கீறிவிடுமாம். நாக்கும் அப்படித்தான் என்று மற்ற ஐந்து பேரும் சேர்த்துச் சொல்வார்கள்.

பெரியப்பா மகள், என் அக்கா, மூன்று மாதத்துக்கு முன்னால் நிர்வாகத்துக்கு வந்தாள். நல்லவள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரவெல்லாம் நின்ற பெண்கள் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆறு மணிக்கு முட்டை, ரொட்டி, பால். பிறகு முதுகு வலிக்குக் கொஞ்சம் பயிற்சி. ஆறரைக்கு விரல் ரேகை வைத்துவிட்டுப் போகலாம். கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் சாப்பிடாமல் போய்விடக் கூடாது என்பதற்காக அதைக் கட்டாயமாகவும் ஆக்கினாள்.

ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கத்தி மட்டும் ஆறு மணி அடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினாள். தினமும்.

"அஞ்சு பேருக்குப் பிடிக்குது. இந்தம்மாவுக்கு மட்டும் என்னடா வீம்பு?" என்றாள் அக்கா. "இது மூணாவது நோட்டீஸ். கையெழுத்து வாங்கிட்டு வா. காரணத்தையும் எழுதச் சொல்லு. நாளைக்கும் இப்படியே போனா வேலை கிடையாது."

காகிதத்தை எடுத்துக்கொண்டு கத்தியின் பின்னால் ஓடினேன். அவள் நிற்கவில்லை.

"சார், பேசணும்னா நடந்துக்கிட்டே பேசுங்க."

"ஒரு கையெழுத்துதான்."

"ரெண்டு கையும் வேணும் எனக்கு. ஆறு அம்பதுக்கு மேல கேளுங்க."

மேம்பாலத்துக்கு அடியில், லாரி நிறுத்தும் இடம் வழியாக இருபது நிமிட நடை. எனக்கு மூச்சு வாங்கியது. எட்டு மணி நேரம் நின்றவள் அவள், உட்கார்ந்திருந்தவன் நான்.

சந்தின் கடைசியில் ஆறு வீடுகள், ஒரு குழாய். குழாயிலிருந்து சுவரோரமாகக் குடங்கள் வரிசையாக நின்றன. கைப்பிடியில் கட்டிய துணியின் நிறம்தான் எது யாருடையது என்பதற்கு அடையாளம். வீட்டுக்கு நாலு, மொத்தம் இருபத்துநாலு. தண்ணீர் ஆறு இருபதுக்கு வந்து ஆறு ஐம்பதுக்கு நின்றுவிடும். விட்டால் மறுநாள் காலையில்தான்.

அவள் உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாசல்களில் நின்ற பிள்ளைகளின் சத்தம் அடங்கியது.

"வருது" என்றாள்.

நானும் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது.

முதலில் வந்த துருநீர் தரை கழுவும் வாளிக்குப் போனது. பிறகு குடங்கள் ஆரம்பித்தன. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் அது வெறும் பேச்சு இல்லை, உண்மையிலேயே பிளந்திருந்தது. அவள் குடத்தைப் பார்க்கவே இல்லை. நிறையும் சத்தம் மெலிந்து மேலே ஏறும். கழுத்துக்கு வரும் அந்த நொடியில் ஒரு கை நிறைந்ததை ஈரச் சாக்கின் மேல் வழுக்கி வெளியே இழுக்கும், மறு கை காலியானதை உள்ளே தள்ளும். நடுவில் ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. இரண்டு சேர்ந்ததும், அடுத்தது நிறைவதற்குள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிப்போய் வாசலில் இறக்கிவிட்டு வந்து நிற்பாள். மூன்றாம் வீட்டில் படுத்தே கிடக்கும் பெரியவரின் சொம்பை நடையை நிறுத்தாமலே நிரப்பினாள். "அத்தை, எங்க வீட்டுக்கு மூணுதான் வந்திருக்கு" என்று ஒரு பெண் குழந்தை கத்தியது. "நாலாவது உன் பின்னாடி இருக்கு, திரும்பிப் பாருடி" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கல்லூரியில் நீரோட்டப் பாடத்தில் இரண்டு முறை தோற்றவன் நான். அந்தப் பாடத்தை யாரும் எனக்கு இப்படி நடத்தவில்லை.

ஓட்டம் இளைத்ததும் அவள் மண்டியிட்டுக் குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள். தண்ணீர் நூலாக வந்தது. இருபத்துநாலாவது குடம் நிறைந்தது. குழாய் ஒரு முறை காற்றை விட்டது. நின்றது.

வேர்த்துப்போய் நின்ற என்னிடம் ஒரு டம்ளர் நீட்டினாள். இரண்டு வாய் குடித்தேன். மிச்சத்தை, வீட்டில் செய்வது போலவே, சாக்கடையில் கொட்டினேன்.

அந்தப் பெண் குழந்தை சாக்கடையை எட்டிப் பார்த்தது.

எங்கள் வீட்டில் ஐந்து குளியலறைகள். இரண்டில் யாரும் குளிப்பதே இல்லை.

"வீட்டுல வேற ஆளே கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஆம்பளைங்க அஞ்சு மணிக்கே வண்டி ஏறிடுவாங்க. பிள்ளைங்களை விடக் குடம் பெருசு."

"மத்த அஞ்சு பேர் வரலாமே?"

"முன்னாடி ஆறு பேரும்தான் ஓடி வருவோம். இப்ப ஆறு பேரும் வந்தா ஆறு பேருக்கும் நோட்டீஸ். ஒருத்தி வந்தா ஒருத்திக்குத்தான். எனக்குக் கை வேகம்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இது கடைசி நோட்டீஸ்னு அவளுங்ககிட்டச் சொல்லாதீங்க சார். ரொட்டி தொண்டையில நிக்கும்."

அங்கே ஐந்து பேர் நன்றியோடு சாப்பிடுகிறார்கள், ஒருத்தி வீம்பு பிடிக்கிறாள் என்று மூன்று மாதமாக எழுதி வைத்தவன் நான். அந்த ஐந்து தட்டுகளையும் தாங்கிக்கொண்டிருந்தவை இந்த இரண்டு கைகள்.

காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: 'ஆறு இருபதுக்குக் குழாயில் தண்ணீர் வரும்.' எழுத்து விரிப்பு மடித்த மாதிரி நேராக இருந்தது.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். கிண்டலாக இல்லை, புரியாமல்தான் கேட்டாள்:

"குழாய்ல தண்ணி எப்பவும் வரும்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று வரை நானும் இதையேதான் கேட்டிருப்பேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "பாவம்தான். அதுக்காக ஒருத்தருக்கு மட்டும் விதியை மாத்தினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். அவளுக்குப் பின்னால் மெஷின்கள் ஆயிரக்கணக்கான லிட்டரைக் குடித்துத் துப்பிக்கொண்டிருந்தன.

அன்று இரவு ஷிஃப்டில் கத்தி மூட்டை எடுக்கப் போன நேரத்தில் ஐந்து பேரிடமும் கடைசி நோட்டீஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மடிக்கும் சத்தம் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

காலை ஆறு. அக்கா தானே நின்று முட்டையைப் பரிமாறினாள். கத்தி செருப்பை மாட்டினாள். நாற்காலிகள் தரையில் உராய்ந்தன. ஐந்து பேரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக ரேகை வைத்தார்கள். மணி ஆறு ஒன்று.

"எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?" அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"தண்ணி பிடிக்கம்மா" என்றாள் அவர்களில் குண்டாக இருந்த ஒருத்தி. "முட்டை ஆறிப்போனாலும் தின்னுக்கலாம். தண்ணி நின்னுட்டா போச்சு."

"எங்களுக்கும் நோட்டீஸ் அடிச்சு வைங்க" என்றாள் இன்னொருத்தி. "விரிப்பெல்லாம் யார் மடிப்பான்னும் அதுலயே எழுதிடுங்க."

கத்தி அவர்களை முறைத்தாள். பிறகு என்னை. "நாக்கு நிக்காதா சார் உங்களுக்கு?" என்றாள்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு அவர்கள் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. உயரமான குதிகால் செருப்போடு லாரிகளுக்கு நடுவே தடுமாறிக்கொண்டு வந்தாள். சந்தின் கடைசியில் கத்தி குழாயின் மேல் கையை வைத்ததும், அக்காவும் யாரும் சொல்லாமலே பேச்சை நிறுத்தினாள்.

ஆறு பேர் சேர்ந்து பிடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். குடம் கை மாறுவது தெரியவில்லை; தானாக நடந்து போய் வாசலில் உட்கார்ந்துகொள்வது போல இருந்தது. அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள், வழியில் நிற்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தவளாக.

குழாய் நின்றபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "சாப்பாட்டை நாளையிலேர்ந்து அஞ்சரைக்கே வச்சிடறேன். அந்த நேரம் மெஷின் நிக்கட்டும்."

"வச்சா சாப்பிடறோம்மா. வைக்கலன்னாலும் பரவாயில்ல" என்றாள் கத்தி. "ஆறு மணிக்குக் கதவைத் திறந்து விட்டாப் போதும்."

"நோட்டீஸைக் கிழிச்சிடுடா" என்றாள் அக்கா என்னிடம்.

கத்தி ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினாள். அக்கா பாதி குடித்தாள். அவளுடைய கை தானாகச் சாக்கடைப் பக்கம் திரும்பியது.

எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.