பெரிய டாக்டருக்கு வளர்த்த செல்கள்

பெரிய டாக்டரின் நெஞ்சிலிருந்து வந்த குழாய், கட்டிலுக்கடியில் ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் இறங்கியிருந்தது. அவர் இருமும்போதெல்லாம் புட்டியில் குமிழிகள் கொப்பளித்தன. கட்டிக்காக நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த இடம் மூடவில்லை. காற்று ஒழுகிக்கொண்டே இருந்தது. பொய் சொல்வானேன், அதைப் பார்க்க எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இதே ஆஸ்பத்திரியில் என் அப்பாவின் நுரையீரலை வெட்டியவர் இவர்தான். அப்பாவுக்கும் மூடவில்லை. நோயாளியின் கொழுப்பிலிருந்தே செல்களைப் பிரித்து வளர்த்து, பசையோடு கலந்து ஓட்டையில் வைக்கும் முறையை எங்கள் ஆய்வகம் அப்போதே கையில் வைத்திருந்தது. அனுமதி தரவேண்டியவர் இவர். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ஏம்மா, இது வைத்தியமா, சமையலா? அது தானா மூடிக்கும், போ."

கூட நின்ற ஜூனியர்கள் பல்லைக் காட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குச் 'சமையல்காரி' என்றே பெயர். ஓட்டை மூடவில்லை, சீழ் பிடித்து அப்பா போய்விட்டார். இந்த மனுஷர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது, இன்னொரு முறை நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று அவருடைய சிஷ்யர்களே கைவிரித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் செல்லைப் போட்டுப் பாக்கலாம்மா. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத."

"வச்சுக்குவேன் சார். செல்லையும் வளர்ப்பேன்."

அவர் கொழுப்பிலிருந்தே பிரித்து வளர்த்தேன். ஊட்டத் திரவத்தை மாற்றும் போதெல்லாம் கை துறுதுறுத்தது. கொஞ்சம் அசட்டையாக இருந்தால் போதும், எல்லாம் செத்துவிடும். ஒருத்தரும் என்னைக் கேட்கமாட்டார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்து மேஜைத் தோழி பயந்துவிட்டாள்.

"வேற யாராவது பாத்துக்கட்டுமாடி?"

"வேணாம். இந்தாளு செத்தா, அன்னிக்கு இவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். சாக விடமாட்டேன்."

அவருடைய செல்களும் அவரைப் போலத்தான், கண்ட இடமெல்லாம் தனதென்று பரவின. சனியன்களே, தின்னுங்கள் என்று திட்டித் திட்டியே ஊட்டினேன்.

வாய் வழியே குழாய் செலுத்தி அவற்றை ஓட்டையில் வைத்தார்கள். நாளாக நாளாகக் குமிழிகள் குறைந்து, ஒருநாள் நின்றே போயின. மறுநாள் காலை ஜூனியர்கள் மொத்தப் பேரும் அவர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நானும் போய் நின்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களாய்யா! தையலுக்கு அடங்காத ஓட்டை, இதுக்கு அடங்கிடுச்சு."

"எங்கப்பாவுக்கும் அடங்கியிருக்குமா சார்?" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. ஜூனியர்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வழியில்லை. ஓட்டை மூடிய நெஞ்சோடு உட்கார்ந்திருப்பவர் அவரேதான்.

"அடங்கியிருக்கும்மா," என்றார் முனகலாக.

அப்படியென்றால் அப்பா இன்று இருந்திருப்பார். அந்த முனகலோடு இந்த ஆளை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."