அண்ணகர் என்றொரு மரியாதை

"எவ வூட்டு வாசல்ல நின்னுகினு இன்னா வார்த்த சொல்ற நீ? இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்."

"மரியாதயாத்தானக்கா கூப்ட்டேன். அண்ணகரே, வஞ்சிரம் கீது, எடுத்துக்கிறியான்னேன். அதுல இன்னா குத்தம்?"

பிரிசில்லாவின் குரல் ரயில்வே கேட் வரை கேட்டது. பொன்னியின் குரல் கேட்டையும் தாண்டியது. மீன் கூவி விற்கிற தொண்டை. தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் துணி எடுக்க மாடிக்கு ஏறினார்கள். காயாத துணியையும் எடுத்தார்கள்.

பொன்னி சொன்னதில் பொய் இல்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி செங்கல்பட்டுக்கு வருகிறவள். கட்டினவன் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டான். பிரிசில்லாவின் தம்பி ஜெபசிங்கை அதுவரை 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற அவனுக்காக நல்ல மீனைக் கூடையின் அடியில் ஒளித்துவைக்க ஆரம்பித்த பிறகு, அந்த அண்ணன் முறை அவளுக்கு உறுத்தியது. தெருவுக்கு அதற்கு முன்பே உறுத்திவிட்டது, அது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் ஆலயத்துப் பாடகர் குழுவுக்குப் புதிதாக வந்த மாஸ்டர் கிருபாகரன், ஜெபசிங்கைக் காட்டி யாரிடமோ "இவர் அண்ணகர்" என்று தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது. படித்தவர்கள் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைபோல, அண்ணன் முறையும் இதில் ஒட்டாது என்று நினைத்து, அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து நடுத்தெருவில் கூவிவிட்டாள்.

ஆலயத்தில் பைபிளைப் பழைய தமிழில் வாசிக்கும்போது வருகிற சொல் அது. ஆண்மை நீக்கப்பட்டவன் என்று அர்த்தம். பிரிசில்லா அதை விளக்கிச் சொன்னதும் பொன்னி கூடையை இறக்கிவைத்துவிட்டாள். நாற்பதைத் தாண்டியும் மீசை முளைக்காத முகம், உடையாத குரல். ஜெபசிங்கைப் பற்றித் தெருவுக்குத் தெரியாதது இல்லை. சின்ன வயதில் சவுக்குத் தோப்பில் மரத்திலிருந்து விழுந்து, படக்கூடாத இடத்தில் அடிபட்டவன். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கிருபாகரன் பைக்கில் வந்து மாட்டிக்கொண்டார். பிரிசில்லா வண்டிச் சாவியையே உருவிவிட்டாள்.

"கேவலமா சொல்லலீங்க," என்றார் அவர். "இத்தாலியில ஒரு காலத்துல ஆலயத்துல பொம்பளைங்க பாடக் கூடாது. ஆனா உச்சக் குரல் வேணும். அதுக்காக ஏழை வீட்டுப் பசங்களுக்கு, குரல் உடையறதுக்கு முன்னாடியே, அறுத்துவிட்டுடுவாங்க. அறுக்கிறது பாவம்னு சொல்ற ஆலயமே அவங்களக் கூட்டிட்டுப் போய்ப் பாட வெச்சுது. சில பேர் ராஜா மாதிரி வாழ்ந்தாங்க. மத்தவங்க எங்க போனாங்கன்னே தெரியாது. அந்த மாதிரி கடைசி ஆளோட குரல் ரெக்கார்டுல இருக்கு. கேளுங்க."

போனிலிருந்து கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் எழுந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். மாடியில் துணி எடுத்தவர்களின் கைகள் நின்றன. பொன்னிக்குத் தன் குப்பத்துக் கடற்கரை ஞாபகம் வந்தது. அவள் பாவாடை கட்டின வயதில், ஈஸ்டர் விடியலில், செங்கல்பட்டுச் சபையார் வேன் பிடித்துக் கடற்கரைக்கு வருவார்கள். வெள்ளை அங்கியில் ஒரு பையன் நின்று பாடுவான், இந்த ஜெபசிங்தான். கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிடுவார்கள். ஒரு தடவை வலையில் வந்த பாதி மீன் திரும்பக் கடலுக்கே போய்விட்டது. அதற்காக அவள் அப்பா அந்தப் பையனைத் திட்டவில்லை.

"என் தம்பிய எவனும் அறுக்கல, கேட்டுக்கோ," பிரிசில்லா கத்தினாள். "பெரிய டாக்டரு ஊசி போட்டா எல்லாரு மாரி ஆயிடுவான்னாரு. நைனாதான் கிறிஸ்மஸ் போவட்டும்னாரு. அப்றம் ஈஸ்டர் போவட்டும்னாரு. அதுக்குள்ள திரும்ப கிறிஸ்மஸ் வந்துடுச்சி."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தாள். சாப்பாட்டுப் பையோடு ஜெபசிங் அவள் பின்னால் நின்றிருந்தான்.

"வைத்தியமே இல்லன்னு சொன்னியேக்கா."

"உன் பாட்டு மேல எல்லாருக்கும் ஆசடா. எனுக்கும்தான்."

அவன் போனைக் காட்டி, "அத நிறுத்துங்க மாஸ்டர். அவருக்கு மூச்சு வாங்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனான். இத்தனை வருஷம் ஊசி போடாமல் விட்டதில் எலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது, ஊசி இப்போதும் போடலாம், போட்டால் குரல் இறங்கிவிடும் என்றார். அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறிக் குப்பத்துக்கு வந்து பொன்னியைப் பார்த்தான். அவள் வலை நிழலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டா இந்தக் கொரலு போயிடும் பொன்னி. நீ இன்னா சொல்ற?"

அவள் அவனை நெருங்கியதே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான். 'இந்த ஈஸ்டர் போவட்டும்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு கருவாட்டைத் தேவையில்லாமல் இரண்டு தடவை புரட்டினாள்.

"நாளைக்கே போட்டுக்கோ. நானும் கூட வரேன்," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள், அவர்கள் நம்பவில்லை.

குரல் சில மாதம் பள்ளிக்கூடப் பையனுக்குப்போல உடைந்து இழுத்தது. கம்பெனி பஸ்ஸில் "மச்சான் வயசுக்கு வந்துட்டாரு" என்று கிண்டல் செய்தார்கள். பிறகு அடங்கி, யார் குரல் என்று தனியாகச் சொல்ல முடியாத ஒரு குரலாக நின்றது. பொன்னியும் ஜெபசிங்கும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். குப்பமும் முறைத்தது, சபையும் முறைத்தது. இருவரும் செய்யூர் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கிருபாகரன் உச்சப் பகுதிக்கு மூன்று பெண்களைச் சேர்த்தார். அதில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தாம்பரம் போனவர்தான், திரும்பி வரவில்லை. பிரிசில்லா தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மகளோடு பொத்தேரிக்குப் போய், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள். தம்பி போன் பண்ணினால் இன்றைக்கும் "யாரு பேசறது?" என்றுதான் எடுக்கிறாள். முதல் தடவை மட்டும்தான் நிஜமாகவே தெரியாமல் கேட்டாளாம். இது அவள் மகள் சொன்னது.