லெட் கோ என்றால் என்ன?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அங்கே மனிதவள மேலாளராக வந்த பிரசன்னாவுக்கு எந்தக் கெட்ட செய்தியையும் சென்ட் அடித்துத்தான் சொல்ல வரும். தமிழ் தெரியும். ஆனால் தொழிலாளர்களிடம் அதில் பேசினால் நாக்கு அழுக்காகிவிடும் என்பதுபோல் ஆங்கிலத்தில் பேசுவான். தமிழாக்கிச் சொல்வது உதவியாளர் ஜெயப்பிரியாவின் வேலை.

அன்று டீ நேரத்தில் தகடு அடிக்கும் பிரஸ் லைன் ஆட்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்தான். நெஞ்சில் கைவைத்து, கம்பெனி ஒரு குடும்பம் என்று ஆங்கிலத்தில் உருகி, "வீ ஹேவ் டு லெட் யூ கோ" என்று முடித்தான்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டார் மண்ணூர்பேட்டை வீராசாமி. லைனில் மூத்தவர்.

"விடுவிக்கிறோம்னு சொல்லு. சாஃப்டா," என்று கிசுகிசுத்தான் பிரசன்னா.

பிடித்த கயிற்றை விட்டால் லெட் கோ. பழைய கோபத்தை மறந்தாலும் லெட் கோ. சோற்றில் மண் போடுவதற்கும் அதே வார்த்தையா? என்று நினைத்தாள் ஜெயப்பிரியா. இருந்தும் சொன்னாள்: "உங்களை விடுவிக்கிறாங்களாம்."

"வுட்றாரா? நாங்க இன்னா ஜெயில்லயா கீறோம்?"

கேன்டீனே சிரித்தது. "சீக்கிரம் ஊட்டுக்குப் போலாம்னு சொல்றாருப்பா!" என்று இரண்டு பேர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பிரசன்னாவும் நிம்மதியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உட்காருங்கண்ணே. நாளையிலேர்ந்து உங்க யாருக்கும் வேலை இல்ல. தூக்கிட்டாங்க."

"ஏய், நான் அப்படிச் சொல்லலையே!" பிரசன்னா பதறினான், சுத்தத் தமிழில்.

வீராசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்குத் தமிழ் வருதே! அப்ப நீயே சொல்லு நைனா. மூஞ்சப் பாத்துச் சொல்லு."

அவன் போனைப் பார்த்தான். யாரும் அழைக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. டீ குடிக்க வந்த மற்ற லைன்காரர்களும் விஷயம் கேட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். மெஷின்கள் நின்றன. சாயங்காலம் முதலாளியே ஓடிவந்து, தொழிற்சங்கத்தோடு பேசி முடிக்கும்வரை ஒருவரையும் நீக்கமாட்டோம் என்றார்.

பிரசன்னா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். "யூ லெட் மீ டவுன், ஜெயப்பிரியா."

"அதையாவது தமிழ்ல சொல்லுங்க சார்."

அவன் மறுபடி போனைக் காதில் வைத்தான். அடுத்த வாரம் அவளை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே தூசி அதிகம். தும்மிக்கொண்டே வேலை பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் வந்தால் மட்டும், வணக்கம் சொல்லக்கூடத் தலை நிமிர்த்த மாட்டாள்.