ஆறு அரோகரா

அந்த டைமரைச் செய்து முடிக்க அறிவுச்செல்வனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஊரில் பாதி வீட்டு டிவிக்கு உயிர் கொடுத்தவன் அவன். இதை மட்டும் பன்னிரண்டு நாள் இழுத்தான்.

செங்கம் ரோட்டில் அவனும் மனைவி எழிலரசியும் வைத்திருந்த கடையில் ஒரு பாதி அவனுடைய ரிப்பேர் மேஜை, மறு பாதி அவளுடைய காப்பி. நான்கு வருடம் இங்கே தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பிய இத்தாலிக்காரர் ஒருவர், தன் எஸ்பிரஸோ மெஷினையும் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அரைக்கும் மெஷினுக்கு அளவு தெரியாது. சுவிட்சைப் போட்டால் தூள் கொட்டும், நிறுத்தினால் நிற்கும். எழிலரசி மனசுக்குள் ஆறு தடவை அரோகரா சொல்லி நிறுத்துவாள். காப்பி கெட்டியாக, நுரையோடு இறங்கும். அறிவுச்செல்வன் அதே ஆறு தடவை சொன்னால் ஒருநாள் கஷாயம், ஒருநாள் கழுநீர். சாமிக்கே அவன் குரல் பிடிக்கவில்லை என்று அவள் கிண்டல் செய்வாள்.

தொண்ணூற்றொன்பது செப்டம்பரில் அவளுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலைக்கு ஆர்டர் வந்தது. மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய வேலை, பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். இனிமேல் காப்பியை அவன்தான் போட வேண்டும் என்பதற்காகத்தான் டைமர். பட்டனை அழுத்தினால் அரைக்கும் மெஷின் ஏழு விநாடி ஓடித் தானாக நிற்க வேண்டும். அது தயாரானால் நிம்மதியாகச் சேர்ந்துவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

வேங்கிக்கால் ஒன்றும் வெளிநாடு இல்லை, டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். ஆனாலும் எட்டு வருடமாகப் பகலெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் அவள். அவள் இல்லாத பகலை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். அதனால் ரிலே சரியில்லை என்றான், கண்டென்சரை மாற்ற வேண்டும் என்றான்.

கடைசியில் சாக்குகள் தீர்ந்துபோய்ப் பன்னிரண்டாம் நாள் டைமரை மெஷினில் மாட்டினான். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருகி விநாடியைச் சரிசெய்தான். அன்று முழுக்கக் காப்பி அவள் போட்டதுபோலவே இறங்கியது. மறுநாள் சனிக்கிழமை, பௌர்ணமி. கிரிவலத்துக்குக் கூட்டம் சேரச் சேர, லாட்ஜும் கடையுமாக ஊரே சாயங்காலம் விளக்கைப் போட்டதில் வோல்டேஜ் இறங்கியது. மெஷின் முக்கி முக்கி ஓடியது. டைமரோ ஏழு விநாடியில் கறாராக நிறுத்தியது. தூள் குறைந்து காப்பி தண்ணியாக வந்தது.

அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"இது தேறாது எழிலு. நீதான் வேணும்."

அவன் மேஜைக்கு மேலே பலகையில் புது ஸ்டெபிலைசர்கள் நான்கு வரிசையாக இருந்தன. எழிலரசி அவற்றைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் ஸ்டெபிலைசர் மாட்டுறீங்க. இதுக்கும் ஒண்ணு மாட்டலாம்னு தோணலையா?"

வசமாகச் சிக்கிக்கொண்டான். இனி மழுப்பிப் பிரயோஜனமில்லை.

"தோணுச்சு. நீ போயிடுவியேன்னு சொல்லல."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் துடைத்த கப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பௌர்ணமின்னா எட்டு அரோகரா சொல்லணும், ஆறு பத்தாது. இந்த டைமர் இன்னிக்கு ஏமாறும்னு எனக்கு மொதல்லயே தெரியும். நானும்தான் சொல்லல."

வாசலில் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு அவன் ஸ்டூலில் ஏறி ஒரு ஸ்டெபிலைசரை இறக்கினான்.

திங்கட்கிழமை காலை முதல் காப்பியை அவளுக்குத்தான் போட்டான். புதுப் புடவை கசங்காமல் நின்றபடியே ஒரு வாய் குடித்து, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள். சரியாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவள் பஸ் ஏறிப் போனபின் அடுத்த ஆள் வந்து காப்பி கேட்டார். அவன் பட்டனை அழுத்தினான். இனி எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மனசுக்குள் அரோகரா சொன்னான், அவள் சொல்லும் நிதானத்தில். ஆறாவதில் மெஷின் நின்றது.